ஊசியும் கூம்பும் சொல்லும் அடையாளம்: ஒன்ராறியோவின் ஊசியிலை மரங்களை இனங்காண ஒரு தொடக்க வழிகாட்டி

ஒன்ராறியோவில் நவம்பர் பிறந்து, மேப்பிளும் ஓக்கும் பிர்ச்சும் வெறுங்கிளையாகிவிட்ட பிறகு, பச்சையாக எஞ்சி நிற்கும் மரங்கள் அனைத்தையும் நம்மவர்கள் பெரும்பாலும் 'கிறிஸ்மஸ் மரம்' என்றோ 'பைன்' என்றோ ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள். உண்மையில் இந்த மாகாணத்தில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரங்கள் எட்டுப் பேரினங்களைச் சேர்ந்தவை. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவின் மேற்கு மலைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டு, வீட்டு முற்றங்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் நடப்பட்டவை இவற்றுக்கு மேலதிகம். பூவையும் இலையின் வடிவத்தையும் கொண்டு மரமறிந்து பழகியவர்களுக்கு இவை எல்லாம் ஒன்றுபோலத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற ஒழுங்கு பிடிபட்டுவிட்டால், அகன்ற இலை மரங்களைவிட இவற்றை இனங்காண்பதே எளிது. வகைகள் குறைவு, ஒன்றைத் தவிர மற்றவற்றின் இலைகள் பனிக்காலத்திலும் கிளையிலேயே இருக்கும்.

அந்த ஒழுங்கில் முதலிடம் பெறுவது மரத்தின் உருவமோ நிறமோ அன்று. ஊசி கிளையோடு எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பதுதான். திறந்த வெளியில் நிற்கும் ஒரு வெள்ளைப் பைன் அகன்று படரும், நெருக்கமான காட்டுக்குள் அதே இனம் கம்பம்போல் உயர்ந்து நுனியில் மட்டும் கிளைவிடும், வீட்டு வேலியோரத்தில் வெட்டப்பட்டு வளர்ந்தால் அதுவே புதராகவும் தோன்றும். ஆனால் மூன்றிலும் ஊசி பொருந்தியிருக்கும் விதம் மாறுவதில்லை. நிறமும் ஏமாற்றும்: நீலச் சாயல் கண்டவுடன் 'புளூ ஸ்ப்ரூஸ்' என்று சொல்லப்படும் மரங்களில் பல, வெறும் வெள்ளை ஸ்ப்ரூஸ்களாக இருப்பதுண்டு. ஆகவே முதலில் பொருந்தும் விதம், அடுத்து எண்ணிக்கையும் வடிவமும், அதற்கடுத்து நீளமும் மணமும், கடைசியில் கூம்பு என்ற வரிசையை இக்கட்டுரை பின்பற்றுகிறது.

புறப்படுமுன்

பாடசாலைப் பிள்ளைகளிடம் உள்ள 15 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்றும், கைபேசியும், இயன்றால் ஒரு சிறிய பூதக்கண்ணாடியும் போதும். படம் எடுப்பதானால் மரத்தின் முழு உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். கிளைநுனியின் மேற்பக்கம், அதையே புரட்டிப் பிடித்த அடிப்பக்கம், அடிமட்டத்துக்கு அருகில் வைத்த கூம்பு ஆகிய மூன்றும் இருந்தால்தான் பின்னர் வீட்டில் உட்கார்ந்து முடிவுக்கு வர முடியும். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவிலும் மாகாணப் பூங்காக்களிலும் செடி கொடிகளைப் பறிப்பதும், இயற்கைப் பொருட்களை வெளியே எடுத்துச் செல்வதும் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. காற்றடித்த மறுநாள் மரத்தடியில் விழுந்து கிடக்கும் சிறுகிளைகளை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவருவதே முறை. பழகுவதற்கு அதுவே தாராளமாகப் போதும்.

முதலாம் படி: இலை ஊசியா, செதிலா?

கிளைநுனி ஒன்றைக் கையில் பிடித்துப் பாருங்கள். இலைகள் தனித்தனி ஊசிகளாக நீண்டிருந்தால் இரண்டாம் படிக்குச் செல்லலாம். அப்படியின்றி, மிகச் சிறிய பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, கிளையையே மூடி மறைத்திருந்தால், அது சீடர் வகையாக இருக்கும். அதைப் பற்றி ஐந்தாம் படியில் பார்ப்போம்.

இங்கே ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு அவசியமாகிறது. யாழ்ப்பாணத்துக் காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நிற்கும் சவுக்கு மரத்தை நினைத்துக்கொண்டு, 'நாங்கள் பார்க்காத ஊசியிலை மரமா' என்று பலர் கேட்பதுண்டு. சவுக்கு ஊசியிலை மரமே அன்று. அது பூக்கும் தாவரம். அதில் ஊசிபோல் தொங்குவது இலை அல்ல, மெல்லிய பச்சைத் தண்டு. இரு முனையையும் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். கணுவைச் சுற்றிப் பல் பல்லாகத் தெரியும் நுண்ணிய செதில்களே அதன் உண்மையான இலைகள். பைன் ஊசியில் அத்தகைய கணு எதுவும் இல்லை.

இரண்டாம் படி: கொத்தாக வருகிறதா, தனித்து வருகிறதா?

ஊசியின் அடியை உற்றுப் பாருங்கள். இரண்டு முதல் ஐந்து ஊசிகள் ஒரே புள்ளியிலிருந்து சேர்ந்து வந்தால் அது பைன். ஒரு குட்டையான முண்டிலிருந்து பத்து, இருபது மென்மையான ஊசிகள் குஞ்சமாகப் புறப்பட்டால் அது லார்ச் வகை. ஒவ்வோர் ஊசியும் கிளையிலிருந்து தனித்தனியே முளைத்திருந்தால் அது ஸ்ப்ரூஸ், ஃபர், ஹெம்லொக், யூ ஆகியவற்றில் ஒன்று. குட்டையான புதர்களில் ஜூனிப்பராகவும் இருக்கலாம். இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

லார்ச் வகையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் அதை வேறொன்றோடு குழப்பிக்கொள்வது கடினம். ஒன்ராறியோவின் இயற்கை லார்ச் 'டமராக்' எனப்படும். அதன் ஊசிகள் 2 முதல் 3 சென்ரிமீற்றர் நீளமுள்ளவை, தொட்டால் குத்தாதவை. ஒக்டோபரில் அவை பொன்மஞ்சளாகி முற்றிலும் உதிர்ந்துவிடும். முன்னே குறிப்பிட்ட ஒரே விதிவிலக்கு இதுதான். பனிக்காலத்தில் இதைப் பட்டுப்போன மரம் என்று எண்ணிவிட வேண்டாம்: கிளை நெடுகிலும் முண்டுமுண்டாகத் தடித்திருப்பவை அடுத்த வசந்தத்தில் குஞ்சம் தள்ளும் இடங்கள். டமராக்கின் கூம்பு 1 முதல் 2 சென்ரிமீற்றர்தான் இருக்கும், கிளையின்மேல் நிமிர்ந்து நிற்கும். அதைவிடப் பெரிய, 3 சென்ரிமீற்றர் அளவிலான, செதில்கள் மிகுந்த கூம்புகள் நகரப் பூங்காவில் நிற்கும் ஒரு லார்ச்சில் காணப்பட்டால், அது ஐரோப்பிய லார்ச்சாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் படி: பைன் என்றால் எண்ணிப் பாருங்கள்

பைன் மரத்தில் ஊசிகளின் எண்ணிக்கையே முதற்சான்று. ஒரே கொத்தை மட்டும் எண்ணி நின்றுவிடாமல் ஐந்தாறு கொத்துகளை எண்ணுவது நல்லது, ஏனெனில் பழைய கொத்துகளில் ஓர் ஊசி முறிந்து விழுந்திருக்கலாம். இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம்: ஒரு கொத்தின் ஊசிகளை விரல்களுக்கிடையே சேர்த்துப் பிடித்தால் அவை ஒன்றோடொன்று இசைந்து ஒரே உருளையாகப் பொருந்தும். இரண்டாக வரும் ஊசி ஒவ்வொன்றும் ஒருபக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும் இருப்பதற்கும், ஐந்தாக வரும் ஊசி முக்கோண வெட்டுமுகம் கொண்டிருப்பதற்கும் காரணம் இதுவே. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

ஐந்து ஊசிகள் இருந்தால் ஐயமே வேண்டாம்: இப்பகுதியின் காடுகளில் இயற்கையாக வளரும் ஐந்தூசிப் பைன் வெள்ளைப் பைன் ஒன்றுதான். பலகைகளில் 'ஈஸ்டேர்ன் வைட் பைன்' என்று காண்பீர்கள். 1984 இல் ஒன்ராறியோவின் மாகாண மரமாக அறிவிக்கப்பட்டது இதுவே. ஊசிகள் மெல்லியவை, நீலங்கலந்த பச்சை நிறமானவை, பெரும்பாலும் 6 முதல் 12 சென்ரிமீற்றர் நீளமுள்ளவை. கன்னத்தில் தடவினாலும் உறுத்தாது. கூம்பு 8 முதல் 20 சென்ரிமீற்றர் வரை நீண்டு, மெலிந்து, சற்றே வளைந்திருக்கும். செதில்கள் மெல்லியவை, முள்ளற்றவை, நுனிகளில் வெள்ளைப் பிசின் வடிந்து காய்ந்திருக்கும். அதைக் கையில் எடுப்பவர்கள் ஒட்டிக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சவர்க்காரம் போட்டாலும் எளிதில் போகாது, சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்தால் போய்விடும். செப்டெம்பர், ஒக்டோபரில் இம்மரத்தின் உட்புற ஊசிகள் மஞ்சளாகிக் கொட்டுவதைக் கண்டு வீட்டுக்காரர்கள் பயந்துபோவதுண்டு. ஊசிகள் இரண்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் உதிர்வது இம்மரத்தின் இயல்பு. கிளைநுனி பச்சையாக இருக்கும்வரை கவலைப்படத் தேவையில்லை.

மூன்று ஊசிகள் கண்டால், எண்ணியது சரிதானா என்று மீண்டும் பாருங்கள். ஒன்ராறியோவில் இயற்கையாக வளரும் மூன்றூசிப் பைன் 'பிற்ச் பைன்' மட்டுமே, அதுவும் சென் லோரன்ஸ் ஆற்றின் ஆயிரம் தீவுகள் பகுதியில் மட்டுமே உள்ளது. இலங்கையின் மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு மூன்றூசிப் பைன்தான் பழக்கமானது, ஏனெனில் அங்கே சரிவுகளில் பெருமளவில் நடப்பட்டிருக்கும் கரீபியன் பைனின் ஊசிகள் பெரும்பாலும் மூன்றுமூன்றாகவே வரும்.

இரண்டு ஊசிகள் என்றால் நான்கு மரங்கள் போட்டிக்கு வருகின்றன. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். முதலில் அடிமட்டத்தை வைத்து நீளத்தை அளந்து, நீண்டவை, குட்டையானவை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஊசி 10 சென்ரிமீற்றர் அளவிலோ அதற்கு மேலோ இருந்தால் அது சிவப்புப் பைனாக இருக்கலாம், அல்லது ஒஸ்ரியன் பைனாக இருக்கலாம். பச்சை ஊசி ஒன்றை எடுத்து நடுவில் சட்டென்று மடியுங்கள். சிவப்புப் பைன் ஊசி 'டக்' என்று இரண்டாக முறிந்துவிடும். ஒஸ்ரியன் பைன் ஊசி வளைந்து மடிந்து, நாரோடு தொங்கும். காய்ந்து விழுந்த ஊசியில் இச்சோதனையைச் செய்யக் கூடாது. காய்ந்தது எதுவும் முறியத்தான் செய்யும். கூம்பையும் பாருங்கள்: சிவப்புப் பைனின் கூம்பு 4 முதல் 6 சென்ரிமீற்றர் நீளமான முட்டை வடிவம், செதில்களில் முள் கிடையாது. ஒஸ்ரியன் பைனின் கூம்பு 5 முதல் 8 சென்ரிமீற்றர், செதில் நுனியில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு முள் உண்டு. கிளைநுனி மொட்டு ஒஸ்ரியன் பைனில் வெளிறிய வெண்சாயலில் தெரியும். அடிமரப் பட்டை செம்பழுப்பாகத் தகடுதகடாக உரிந்தால் சிவப்புப் பைன். கருஞ்சாம்பலாக ஆழப் பிளந்திருந்தால் ஒஸ்ரியன். இருக்கும் இடமும் ஓரளவு உதவும். பனிக்காலத்தில் தெருவில் கொட்டப்படும் உப்பை ஒஸ்ரியன் பைன் தாங்கக்கூடியது என்பதால் நகரசபைகள் அதை வாகனத் தரிப்பிடங்களின் ஓரத்திலும் நெடுஞ்சாலைக் கரைகளிலும் நிறைய நட்டிருக்கின்றன. நேர்கோட்டு வரிசையில், ஒரே வயதில், ஒரே உயரத்தில் நிற்கும் நாட்டுப்புறத் தோப்பாக இருந்தால், அது மண்ணரிப்பைத் தடுக்க நடப்பட்ட சிவப்புப் பைனாக இருக்கக்கூடும்.

ஊசி குட்டையாக இருந்தால் ஸ்கொற்ஸ் பைன் அல்லது ஜாக் பைன். ஸ்கொற்ஸ் பைனின் ஊசி 4 முதல் 7 சென்ரிமீற்றர், நீலப்பச்சை, முறுக்கி விட்டதுபோல் திருகியிருக்கும். அதற்குத் தலையை நிமிர்த்தினாலே கிடைக்கும் ஒரு சான்று உண்டு: மரத்தின் மேற்பாதியில் பட்டை மெல்லிய தாள்போல் உரிந்து, வெளிறிய செம்மஞ்சள் நிறத்தில் தெரியும். பட்டையை வைத்து மட்டும் மரத்தை இனங்காண்பதை நான் பொதுவாக ஊக்குவிப்பதில்லை. இம்மரம் அதற்கு விதிவிலக்கு. ஜாக் பைனின் ஊசி இன்னும் குட்டை, 2 முதல் 4 அல்லது 5 சென்ரிமீற்றர்தான். மஞ்சள் கலந்த பச்சை. கொத்தின் இரண்டு ஊசிகளும் ஒன்றைவிட்டொன்று அகன்று விரியும். இதன் கூம்பு ஒருபக்கமாக வளைந்து, கிளைநுனியை நோக்கிச் சாய்ந்து, பல ஆண்டுகள் திறக்காமலேயே கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்கொற்ஸ் பைனின் கூம்போ குட்டைக் காம்பில் தொங்கிக் கிளையின் அடியை நோக்கித் திரும்பியிருக்கும்.

ஜாக் பைன் கூம்பு மூடிக்கிடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. செதில்களைப் பிசின் ஒட்டி அடைத்துவைத்திருக்கிறது. ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் அப்பிசின் இளகி, செதில்கள் விரிந்து விதை வெளிவரும். வட ஒன்ராறியோவில் காட்டுத்தீ பரவிச் சென்ற பிறகு, நிழல் இல்லாத, சாம்பல் படிந்த மண்ணில் இவ்விதைகள் விழுந்து, ஒரே வயதுடைய கன்றுகள் திரளாக முளைக்கின்றன. கோடை வெயிலில் சூடேறிய மணற்பாங்கான நிலத்தில் சில கூம்புகள் தீயின்றியும் திறப்பதுண்டு.

நான்காம் படி: தனி ஊசி என்றால் விரல்களுக்கிடையே உருட்டுங்கள்

தனித்து முளைத்த ஊசி ஒன்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். எளிதாக உருண்டால் அது நாற்பக்கம் கொண்ட ஊசி, மரம் ஸ்ப்ரூஸ். உருளாமல் வழுக்கினால் அது தட்டையான ஊசி. மரம் ஃபர், ஹெம்லொக், யூ ஆகியவற்றில் ஒன்று.

ஸ்ப்ரூஸை உறுதிசெய்ய இன்னொரு நம்பகமான வழி, ஊசி உதிர்ந்த கிளையைத் தடவிப் பார்ப்பது. ஒவ்வோர் ஊசியும் ஒரு நுண்ணிய மர முளையின்மேல் பொருந்தியிருக்கிறது. ஊசி விழுந்த பிறகும் முளை கிளையிலேயே தங்கிவிடுவதால், வெறுங்கிளை துருவலையின் பல்லைத் தொட்டதுபோல் சொரசொரக்கும். ஃபர் மரத்தில் ஊசி விழுந்த இடம் வழவழப்பான வட்டத் தழும்பாக மட்டுமே இருக்கும். இரண்டு கிளைகளையும் ஒருமுறை அடுத்தடுத்துத் தடவிப் பார்த்தவர்களுக்கு அதன் பிறகு கண்ணைக் கட்டிவிட்டாலும் வித்தியாசம் தெரியும்.

ஸ்ப்ரூஸ் நான்கை நீங்கள் அடிக்கடி சந்திப்பீர்கள். இங்கே கூம்புதான் தீர்ப்புச் சொல்லும். 10 முதல் 18 சென்ரிமீற்றர் நீளமான, பழுப்பு நிறமான, கீழ்நோக்கித் தொங்கும் கூம்பு என்றால் அது நோர்வே ஸ்ப்ரூஸ். ஸ்ப்ரூஸ் இனங்களில் மிகப்பெரிய கூம்பு அதனுடையதே. பழைய பண்ணை வீடுகளைச் சுற்றிக் காற்றைத் தடுக்க நடப்பட்டிருக்கும் உயர்ந்த மரங்கள் பல இவைதான். முதன்மைக் கிளைகளிலிருந்து சிறுகிளைகள் திரைச்சீலையாகத் தொங்கும். 6 முதல் 10 சென்ரிமீற்றர் நீளத்தில், செதில்கள் தாள்போல் மெலிந்து, ஓரங்கள் நெளிந்தும் பல்லிட்டும் இருந்தால் அது கொலராடோ புளூ ஸ்ப்ரூஸ். ஊசி விறைத்து, கையைக் குத்தும். 3 முதல் 6 சென்ரிமீற்றர் நீளத்தில், செதில் ஓரங்கள் வழவழப்பாக வளைந்து, அழுத்தினால் நசுங்கி விட்டவுடன் மீளும் கூம்பு வெள்ளை ஸ்ப்ரூஸுக்கு உரியது. அதன் ஊசியைக் கசக்கினால் வரும் நெடி பலருக்கும் பிடிக்காது, ஒருமுறை முகர்ந்தவர் மறக்கவும் மாட்டார். 2 முதல் 3 சென்ரிமீற்றர்தான், உருண்டை முட்டை வடிவம், நுனிமரத்தில் கொத்தாக ஆண்டுக்கணக்கில் விழாமல் தொங்குகின்றன என்றால் அது கறுப்பு ஸ்ப்ரூஸ்.

கூம்பு இல்லாத இளமரத்தில் வெள்ளை, கறுப்பு இரண்டையும் பிரிக்க, இளங்கிளையின் தண்டைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஊசிகளுக்கிடையே துருநிற மென்மயிர் தெரிந்தால் கறுப்பு ஸ்ப்ரூஸ். மயிரின்றி வழவழப்பாக இருந்தால் வெள்ளை. கறுப்பு ஸ்ப்ரூஸை ரொறன்ரோவின் தெருக்களில் தேடிப் பயனில்லை, அது சதுப்பு நிலத்து மரம். அல்கொங்குயின் பூங்காவில் 60 ஆம் இலக்க நெடுஞ்சாலையோரம் உள்ள ஸ்ப்ரூஸ் பொக் பலகைப் பாதையில் 1.5 கிலோமீற்றர் நடந்தால் கறுப்பு ஸ்ப்ரூஸையும் டமராக்கையும் அருகருகே பார்க்கலாம்.

தட்டையான ஊசிகளில் முதலில் ஃபர். ஒன்ராறியோவின் இயற்கை ஃபர் 'பொல்சம் ஃபர்' ஒன்றே. ஊசி 1.5 முதல் 2.5 சென்ரிமீற்றர், நுனி மழுங்கியிருக்கும், புரட்டினால் அடியில் இரண்டு வெண்கோடுகள் நீளவாக்கில் ஓடும், மெல்லக் கிள்ளி எடுத்தால் ஊசியின் அடி வட்டமாக விரிந்திருப்பது தெரியும். கசக்கினால் கிறிஸ்மஸ் காலத்து வீட்டு மணம். இளம் அடிமரத்தின் பட்டையில் கொப்புளங்கள் காணப்படும். அவற்றுக்குள் இருக்கும் தெளிந்த பிசின், ஏறத்தாழக் கண்ணாடியைப் போலவே ஒளியை முறிக்கும் தன்மையுடையது என்பதால், 'கனடா பொல்சம்' என்ற பெயரில் நுண்காட்டிக் கண்ணாடித் தகடுகளை ஒட்டுவதற்கு நெடுங்காலம் பயன்பட்டது. கொப்புளத்தைக் குத்திப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், மரத்துக்கும் உடைக்கும் அது நல்லதன்று.

ஃபர் மரத்தின் கூம்பு கிளையின்மேல் மெழுகுதிரிபோல் நிமிர்ந்து நிற்கும். முற்றியதும் மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்து, நடுக்குச்சி மட்டும் மேலே மிஞ்சும். ஆகவே ஃபர் மரத்தடியில் முழுக் கூம்பு கிடைப்பது அரிது. கீழே முழுக் கூம்புகள் குவிந்து கிடக்கும் மரத்தை யாராவது ஃபர் என்று சொன்னால், கிளையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது ஸ்ப்ரூஸாகவே இருக்கும்.

ஹெம்லொக் மரத்தின் ஊசியும் தட்டையானது, அதற்கும் அடியில் இரு வெண்கோடுகள் உண்டு. ஆனால் நீளம் 1 முதல் 2 சென்ரிமீற்றர் மட்டுமே, ஒரே கிளையில் குட்டையும் நெட்டையும் கலந்திருக்கும். ஒவ்வோர் ஊசிக்கும் இழைபோல் மெல்லிய காம்பு இருப்பதைப் பூதக்கண்ணாடியில் காணலாம். இன்னும் உறுதியான சான்று கிளையின் மேற்பக்கத்தில் இருக்கிறது: இருபுறமும் விரிந்த ஊசிகளுக்கு நடுவே, கிளைத்தண்டின் மேலே படுத்தபடி, மிகச்சிறிய ஊசிகள் சில தலைகீழாகப் புரண்டு, வெண்கோடுகள் மேலே தெரியும்படி ஒரு வரிசையாகக் கிடக்கும். ஃபர் மரத்தில் இது கிடையாது. கூம்பு 2 சென்ரிமீற்றருக்கு மேற்போகாது, கிளைநுனியில் தொங்கும். மரத்தின் உச்சிக் குருத்து நிமிராமல் ஒருபக்கம் வளைந்து சாய்ந்திருக்கும்.

ஹெம்லொக் கிளையைப் புரட்டும்போது, ஊசிகளின் அடியில் வெள்ளைப் பஞ்சு உருண்டைகள் ஒட்டியிருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது கம்பளி அடெல்ஜிட் எனப்படும் சாறுறிஞ்சும் பூச்சியின் முட்டைப்பை. ஆசியாவிலிருந்து வந்து அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் ஹெம்லொக் மரங்களைப் பெருமளவில் அழித்தது. நயாகராப் பகுதியிலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. காண நேர்ந்தால் கிளையை ஒடித்து எடுத்துச் செல்லாமல், படமெடுத்து, இடத்தைக் குறித்து, கனேடிய உணவுப் பரிசோதனை முகவரகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

யூ மரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வீட்டு முன்றிலில் சதுரமாகவும் உருண்டையாகவும் வெட்டி வளர்க்கப்படும் கரும்பச்சைப் புதர் பெரும்பாலும் இதுதான். ஊசி தட்டை, நுனி கூர்மை, ஆனால் அடியில் வெண்கோடு இல்லை; வெளிறிய பச்சை மட்டுமே. இதில் மரக்கூம்பு காய்க்காது. இலையுதிர்காலத்தில் சிவந்த, சதைப்பற்றான சிறு கிண்ணத்துக்குள் ஒரு விதை தெரியும். பார்க்க அழகான அந்தச் சிவப்புச் சதையைத் தவிர, விதையும் ஊசியும் பட்டையும் கடும் நஞ்சு. சிறு பிள்ளைகளோடு மரம் பார்க்கச் செல்பவர்கள் முதலில் இதைக் காட்டிக் கொடுத்துவிட்டு மற்றவற்றைக் காட்டுவது நல்லது.

ஐந்தாம் படி: செதில் இலை என்றால்

கிளை இஸ்திரி போட்டதுபோல் தட்டையாக விசிறி விரிந்து, இலைகள் வழவழப்பான செதில்களாக ஒட்டியிருந்தால் அது வெள்ளைச் சீடர். ரொறன்ரோ வீடுகளுக்கிடையே வேலியாக நிற்பது இதுதான். கூம்பு 1 சென்ரிமீற்றர் அளவு, நீள்முட்டை வடிவம், சில செதில்கள் மட்டுமே கொண்டது. காய்ந்து விரியும்போது ஒரு சிறு மரப்பூவாகத் தெரியும். வேலியில் கத்தரிக்கப்படும் இதே மரம் நயாகரா மலைச்சரிவின் சுண்ணாம்புக்கல் செங்குத்துகளில், மண் ஏறத்தாழ இல்லாத பிளவுகளில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உயிர்வாழ்வதை 1980களின் இறுதியில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்ச்சி வளையங்களை எண்ணி நிறுவினார்கள். வயதோடு ஒப்பிட்டால் அவற்றின் அடிமரம் மிகவும் மெலிந்தே இருக்கும். ஆகவே மரத்தின் பருமனைக் கொண்டு வயதை ஊகிக்கும் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும்.

செதில் கிளை தட்டையாக இல்லாமல் நாற்புறமும் உருண்டிருந்து, அதே மரத்தில் சில கிளைகளில் குத்தும் ஊசிகளும் கலந்திருந்தால் அது சிவப்புச் சீடர். பெயரில் சீடர் என்றாலும் ஜூனிப்பர் இனம். பென்சில் செய்ய உதவிய மரம் இது. இதன் கூம்பு கூம்பாகவே தோன்றாது: வெண்பொடி பூத்த நீலநிறச் சிறு பழமாக, 5 முதல் 7 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். செதில்கள் சதைப்பற்றாகி ஒன்றோடொன்று இணைந்துவிட்ட கூம்பு அது. தரையோடு படரும் பொது ஜூனிப்பரில் ஊசிகள் மும்மூன்றாகக் கிளையைச் சுற்றி நிற்கும். மேற்பக்கத்தில் ஒரே ஓர் அகன்ற வெண்பட்டை இருக்கும்.

கூம்பைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

காலடியில் கிடக்கும் கூம்பு தலைக்கு மேலுள்ள மரத்தினுடையது என்று உடனே முடிவு செய்யக் கூடாது. காற்றும் அணிலும் அதை அடுத்த மரத்திலிருந்து கொண்டு வந்திருக்கலாம். கைபேசிக் கமராவைப் பெரிதாக்கி, மரத்தில் இன்னும் ஒட்டியிருக்கும் கூம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். செதில்கள் எல்லாம் கொறிக்கப்பட்டு நடுத்தண்டு மட்டும் மிஞ்சியிருந்தால் அது சிவப்பு அணிலின் வேலை; அத்தகைய சக்கைக் குவியலில் முழுக் கூம்பு ஒன்றைத் தேடி எடுத்து அளக்க வேண்டும்.

மழைக்குப் பின் கூம்புகள் மூடிக்கொள்ளும், காய்ந்தால் விரியும். ஒரே கூம்பு காலையில் ஒல்லியாகவும் மாலையில் இருமடங்கு பருத்தும் தோன்றும். எனவே அகலத்தை நம்பாமல் நீளத்தையும், செதிலின் ஓரத்தையும், முள் உண்டா இல்லையா என்பதையும் நம்புங்கள். மே இறுதி, ஜூன் மாதங்களில் கிளைநுனிகளில் கூட்டமாக வரும் மென்மையான சிறு கூம்புகள் ஆண் கூம்புகள். காரின் மேல் மஞ்சள் மாவாகப் படியும் மகரந்தம் அவற்றிலிருந்து வருவதே. சில வாரங்களில் உதிர்ந்துவிடும் அவற்றை அளந்து குழம்ப வேண்டாம். பைன் மரத்தில் பெண் கூம்பு முற்ற இரண்டு வளர்பருவங்கள் ஆகும் என்பதால், ஒரே கிளையில் பச்சையான சிறு கூம்பும் பழுப்பான பெரிய கூம்பும் சேர்ந்திருக்கும். அளக்க வேண்டியது பெரியதையே.

எங்கே பழகலாம்?

சரியான விடை பக்கத்திலேயே எழுதியிருக்கும் இடத்தில் தொடங்குவதே சிறந்தது. ரொறன்ரோவின் மவுண்ட் பிளெசண்ட் கல்லறைத் தோட்டத்திலும், பேர்லிங்டனிலுள்ள அரச தாவரவியற் பூங்காவிலும், குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் மரத்தோட்டத்திலும் பெயர்ப்பலகை இடப்பட்ட ஊசியிலை மரங்கள் பல உள்ளன. பலகையைப் படிக்காமல் முதலில் ஊசியைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்து, பின்னர் பலகையோடு சரிபாருங்கள். அதன் பிறகு பெயர்ப்பலகையற்ற ரூஜ் பள்ளத்தாக்குக்குச் சென்றால், ஈரமான நிழற்சரிவில் ஹெம்லொக்கும், உயர்ந்த தரையில் வெள்ளைப் பைனும், ஓடையோரத்தில் வெள்ளைச் சீடரும் கண்ணில் படத் தொடங்கும்.

டிசெம்பரில் இன்னோர் இடமும் உண்டு: வாகனத் தரிப்பிடங்களில் முளைக்கும் கிறிஸ்மஸ் மரச் சந்தை. அங்கே கூம்பு இருக்காது. ஊசியும் கிளையும் மட்டுமே துணை. கொத்தாக இரண்டு ஊசி என்றால் ஸ்கொற்ஸ் பைன். உருளும் ஊசியும் சொரசொரத்த கிளையும் என்றால் ஸ்ப்ரூஸ், வீட்டுச் சூட்டில் ஊசியை முதலில் கொட்டிவிடுவதும் அதுவே. தட்டையான ஊசி என்றால் பெரும்பாலும் பொல்சம் ஃபரோ, தெற்கு அப்பலாச்சிய மலைகளைத் தாயகமாகக் கொண்ட ஃபிரேசர் ஃபரோதான். இவ்விரண்டும் நெருங்கிய உறவு என்பதால் விற்பவர்களே மாற்றிச் சொல்வதுண்டு. இளங்கிளையின் தண்டைப் பாருங்கள்: செந்நிற மென்மயிர் அடர்ந்து, ஊசியின் அடிப்பக்கம் வெள்ளியாகப் பளிச்சிட்டால் ஃபிரேசர், சாம்பல் நிற மயிர் அங்கங்கே மட்டும் இருந்தால் பொல்சம். ஃபிரேசருக்குத்தான் பொதுவாக விலை அதிகம்.